போதைப் பயிரும் வர்த்தகச் சலுகையும்

1989ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை முறிந்தது. அதுவரை உறுப்பு நாடுகள் தத்தமக்கு ஒதுக்கப்பட்ட அளவுக்கு மேல் காப்பிக் கொட்டையைச் சந்தைக்கு அனுப்பாமல் கட்டுப்பட்டு நடந்தமையால் விலை ஓரளவு நிலைத்திருந்தது. கட்டு அவிழ்ந்ததும் தேங்கிக் கிடந்த சரக்கு சந்தையில் வந்து குவிந்தது. சில மாதங்களுக்குள் காப்பி விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் முதன்மையான ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்று காப்பி. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டின் அதிபர் பதவி வேட்பாளர் லூயிஸ் கார்லோஸ் கலான் கோக்கெய்ன் கடத்தல் கும்பல்களின் ஏற்பாட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அன்றைய கொலம்பிய அதிபர் வர்ஜிலியோ பார்க்கோ அமெரிக்க அரசிடம் முன்வைத்த வாதம் எளிமையானது. கோக்கெய்னை ஒழிக்குமாறு எங்களை வற்புறுத்துகிறீர்கள். ஆனால் எங்கள் உழவர்களின் நேர்மையான விளைபொருளுக்கு உங்கள் சந்தையில் விலை இல்லை என்பதே அதன் சாரம். ஒதுக்கீட்டு முறையை நீடிப்பதில் இணக்கம் ஏற்படாமற்போனதில் அமெரிக்காவுக்கும் பங்கு இருந்தமையால், இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. 1990 பிப்ரவரி 15ஆம் நாள் கொலம்பியாவின் கார்ட்டஹேனா நகரில் அமெரிக்கா, கொலம்பியா, பெரு, பொலிவியா ஆகிய நான்கு நாடுகளின் அதிபர்களும் கூடினர். போதைப் பயிருக்கு மாற்றாக வர்த்தகம் என்னும் கருத்து அங்கே அரசுகளின் கொள்கையாக வடிவம் பெற்றது. அடுத்த கால் நூற்றாண்டில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் இக்கொள்கையைச் செயற்படுத்திய விதம் வளர்ச்சித் துறை மாணவர்களும் அலுவலர்களும் கூர்ந்து பார்க்க வேண்டிய ஒன்றாகும். அதன் ஒரு கட்டத்தில் இந்தியாவே வழக்காடியாக நின்றது.

கோகா பயிரிடுவோர்

கோக்கெய்னுக்கு மூலப்பொருளான கோகா, ஆண்டிஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவுகளில் வளரும் புதர்ச்செடி. அதன் இலையை மெல்லுவதும் கொதிக்கவைத்துப் பருகுவதும் அம்மலைமக்களின் தொன்றுதொட்ட வழக்கம். பெருவிலும் பொலிவியாவிலும் இவ்வழக்கத்துக்குச் சட்ட இசைவு உண்டு. செடி நட்டு ஓரிரு ஆண்டுகளில் பலன் தரத் தொடங்கி, பல ஆண்டுகள் தொடர்ந்து பலன் தருகிறது. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை இலை பறிக்கலாம். வளமற்ற புளிப்பு மண்ணிலும் அது வளரும். உலர்த்திய இலை எடை குறைந்தது, அழுகாது, சாலை இல்லாத ஊரிலிருந்தும் முதுகிலோ படகிலோ கொண்டுசெல்லத் தக்கது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குவோர் வீடு தேடி வந்து ரொக்கம் கொடுத்து வாங்கிச் செல்கின்றனர்.

இதனோடு அன்னாசியையோ வாழையையோ ஒப்பிட்டுப் பார்த்தால் சிக்கல் புலப்படும். அவை கனமானவை, சில நாட்களில் கெட்டுவிடக் கூடியவை, மண்சாலையில் ஒரு மழைக்கு லாரி சிக்கிக்கொண்டால் சரக்கு முழுவதும் நட்டம். கோகா உழவன் ஈட்டும் தொகை கோக்கெய்னின் கடைநிலை விலையில் மிகச் சிறு பங்கே. அவன் செல்வந்தன் அல்லன். அந்தச் சிறு பங்கு தவறாமல் கைக்கு வருகிறது என்பதே அவனைப் பிணித்து வைப்பது. மாற்றுப் பயிருக்கு நல்ல விலை கிடைப்பது மட்டும் போதாது. நல்ல விலையும் விற்பனை உறுதியும் சேர்ந்து அமைய வேண்டும். இதைத் தர முடியாத எந்தத் திட்டமும் அவனுடைய நிலத்தை எட்டுவதில்லை.

சலுகை இயங்கும் விதம்

வர்த்தகச் சலுகை என்பது இறக்குமதி செய்யும் நாடு, குறிப்பிட்ட சில நாடுகளின் சரக்குகளுக்கு மட்டும் வழக்கமான சுங்கவரியைக் குறைத்தோ நீக்கியோ விடுவது. வழக்கமான வரிக்கும் சலுகை வரிக்கும் உள்ள இடைவெளியே சலுகையின் அளவு. வழக்கமான வரி 12 சதவீதம், சலுகை பெற்ற நாட்டுக்கு வரி இல்லை எனில், அந்நாட்டு ஏற்றுமதியாளர் போட்டியாளரைவிட 12 சதவீதம் முன்னே நிற்கிறார். வழக்கமான வரியே இல்லாத பொருளுக்கு எவராலும் சலுகை தர இயலாது. மிக எளிய இவ்வுண்மைதான் பின்னர் பெரும் விளைவுக்குக் காரணமாயிற்று.

1991 டிசம்பர் 4ஆம் நாள் அமெரிக்கா ஆண்டிஸ் வர்த்தகச் சலுகைச் சட்டத்தை இயற்றியது. பொலிவியா, கொலம்பியா, ஈக்வடார், பெரு ஆகிய நான்கு நாடுகள் அதன் பயனாளிகள். பல்லாயிரம் வகைப் பொருள்கள் வரியின்றி அமெரிக்காவுக்குள் நுழைய வழி திறந்தது. ஆயினும் துணி, ஆயத்த ஆடை, காலணி, பெட்ரோலியம், தகரத்தில் அடைத்த சூரை மீன் முதலியவை விலக்கப்பட்டன. அமெரிக்க உற்பத்தியாளர்கள் அஞ்சிய பொருள்களே பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இடம்பெற்றன. 10 ஆண்டுகளுக்குப் பின், 2002 ஆகஸ்டில், சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது இவற்றுள் பலவும் சேர்த்துக்கொள்ளப்பட்டன.

கோகா விளையும் ஈரமான மலைச்சரிவுகளில் நன்கு விளையக்கூடிய சட்டபூர்வமான ஏற்றுமதிப் பயிர்கள் காப்பியும் கோக்கோவுமே. அன்று இவ்விரண்டுக்கும் அமெரிக்காவில் எந்த நாட்டுக்கும் சுங்கவரி இருக்கவில்லை, வாழைப்பழத்துக்கும் அவ்வாறே. ஆகவே கோகா உழவன் உண்மையில் பயிரிடக்கூடிய பொருள்களுக்குச் சலுகைச் சட்டத்தால் கொடுக்கத்தக்கது ஒன்றுமே இருக்கவில்லை. அவனுக்குத் தேவைப்பட்டது காப்பிக்கு நிலையான விலை. அதை அளித்து வந்த ஏற்பாடு 1989லேயே கலைக்கப்பட்டுவிட்டது.

சலுகை வேறிடங்களில் பயன் தந்தது. ரோஜா மலருக்கு 6.8 சதவீத வரி இருந்தது. அது நீங்கியதால் கொலம்பியாவிலும் ஈக்வடாரிலும் மலர்த் தொழில் வலுப்பெற்றது. அமெரிக்கர்கள் பிப்ரவரி 14ஆம் நாள் ஒருவருக்கொருவர் பரிசளிக்கும் ரோஜாக்களில் பெரும்பகுதி இவ்விரு நாடுகளிலிருந்தே விமானத்தில் வருகிறது. ஆனால் கொலம்பிய மலர்ப் பண்ணைகள் தலைநகர் பொகோட்டாவைச் சூழ்ந்த, கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,600 மீட்டர் உயரமுள்ள சமவெளியில், விமான நிலையத்துக்கு அருகே அமைந்தவை. 1960களிலேயே தொடங்கியவை. கோகா விளைவது தெற்கிலும் கிழக்கிலும் நெடுந்தொலைவில் உள்ள புத்துமாயோ, காக்கெத்தா, குவாவியாரே பகுதிகளின் காட்டோரங்களில். அங்கிருந்து ஒரு கூடை மலரைக் கெடாமல் பொகோட்டாவுக்குக் கொண்டுவருவதற்குச் சாலை கிடையாது.

பெருவில் பயனடைந்தது ஆஸ்பராகஸ். நம் நாட்டு மருத்துவத்தில் பயன்படும் தண்ணீர்விட்டான் கொடியின் இனத்தைச் சேர்ந்த இதன் இளந்தண்டு மேலைநாட்டாருக்கு விருப்பமான காய்கறி. பசுமையான தண்டுக்கு அமெரிக்காவில் 21.3 சதவீத வரி இருந்தது. சலுகைச் சட்டம் அதை நீக்கியது. பெருவின் கடற்கரைப் பாலைநிலமான ஈக்காவில் நிலத்தடி நீரை இறைத்துப் பெரும் பண்ணைகள் தோன்றின. நீர்மட்டம் தாழ்ந்துபோனது தனிக் கதை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து ஆஸ்பராகஸ் உழவர்கள் சந்தையை இழந்து தம் அரசிடம் முறையிட்டனர். பெருவின் கோகாவோ ஆண்டிஸ் மலைக்கு அப்பால் உவாயாகா ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் இருந்தது. மலைமக்கள் சிலர் கூலி வேலை தேடி ஈக்காவுக்கு இறங்கி வந்தனர் என்பது உண்மை. சட்டத்தை ஆதரித்தோர் இதனையே பெரிதும் எடுத்துக்காட்டினர். கோகா நிலம் தரிசாகாவிட்டாலும் கோகாவை நாடிச் செல்லவிருந்த ஆள்கள் வேறு வழியில் திரும்புகின்றனர் என்பது அவர்கள் வாதம். அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் காலந்தோறும் வெளியிட்ட ஆய்வறிக்கைகளும், கோகா ஒழிப்பில் சட்டத்தின் பங்கு சிறியது, மறைமுகமானது என்ற அளவிலேயே நின்றன.

2002க்குப் பின் இச்சட்டத்தின்கீழ் அமெரிக்காவுக்கு வந்த சரக்குகளில் மதிப்பளவில் பெரும்பங்கு வகித்தது பெட்ரோலியம். கோகாவுக்கு மாற்றுப் பயிராக எண்ணெய்க் கிணற்றைக் கருதுவதற்குச் சற்று அதிகமான கற்பனை வேண்டும்.

பரப்பளவு சொல்வது

ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகத்தின் கணக்குப்படி 1990இல் பெருவில் 1,21,300 ஹெக்டேரிலும், பொலிவியாவில் 50,300 ஹெக்டேரிலும், கொலம்பியாவில் 40,100 ஹெக்டேரிலும் கோகா பயிரிடப்பட்டது. மொத்தம் 2,11,700 ஹெக்டேர். சலுகைச் சட்டம் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த பின், 2000இல், பெருவின் பரப்பு 43,400 ஹெக்டேராகவும் பொலிவியாவின் பரப்பு 14,600 ஹெக்டேராகவும் சுருங்கின. கொலம்பியாவிலோ 1,63,300 ஹெக்டேராகப் பெருகியது. மொத்தம் 2,21,300 ஹெக்டேர். பெருவையும் பொலிவியாவையும் மட்டும் பார்ப்பவர் வெற்றி என்பார். மூன்றையும் கூட்டிப் பார்ப்பவர் பயிர் இடம் மாறியது என்பதையே காண்பார். பெருவின் குறைவுக்கும் முக்கியக் காரணம் சுங்கச் சலுகை அன்று. 1990களின் நடுவில் கோக்கெய்ன் பசையைக் கொலம்பியாவுக்குக் கொண்டுசென்ற சிறு விமானங்கள் தடுக்கப்பட்டமையால் இலைக்கு வாங்குவோர் இல்லாமற்போய் விலை வீழ்ந்தது. விலை போனதும் உழவர்கள் தாமே செடியைக் கைவிட்டனர்.

கொலம்பியாவின் பிற்கால வரலாறும் இதையே உணர்த்துகிறது. வானிலிருந்து களைக்கொல்லி தெளித்தும் கையால் பிடுங்கியும் 2013 அளவில் அங்கே பரப்பு சுமார் 48,000 ஹெக்டேராகக் குறைக்கப்பட்டது. 2012 மே மாதம் முதல் அமெரிக்காவுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, தற்காலிகச் சலுகை நிலையான உரிமையாயிற்று. அதன் பின்னரே 2023இல் கோகாப் பரப்பு 2,53,000 ஹெக்டேரை எட்டியது. ஒப்பந்தத்தால்தான் கோகா பெருகியது என்று கூறுவது தவறு. மருந்து தெளிப்பு நிறுத்தப்பட்டது முதலாகப் பல காரணங்கள் உண்டு. வரியற்ற சந்தை அப்பெருக்கத்தைத் தடுக்கவில்லை என்ற அளவில் கொள்ளலாம்.

எல் ஆல்ட்டோவின் தையற்கூடங்கள்

சலுகையைக் கொடுப்பவர் அதைத் திரும்பப் பெறவும் கூடும். போதைப்பொருள் ஒழிப்பில் ஒத்துழைக்காத நாட்டுக்குச் சலுகையை நிறுத்தும் அதிகாரம் சட்டத்திலேயே இருந்தது. 2006இல் பொலிவியாவின் அதிபரான எவோ மொராலெஸ், கோகா உழவர் சங்கத்தின் தலைவராக வளர்ந்தவர். 2008 செப்டம்பரில் அவர் அமெரிக்கத் தூதரை நாட்டைவிட்டு வெளியேற்றினார். அதே ஆண்டு டிசம்பர் 15 முதல் பொலிவியாவுக்கான சலுகையை அமெரிக்கா நிறுத்திவைத்தது.

அடி விழுந்த இடம் எது? அரசின் இருப்பிடமான லாபாஸுக்கு மேலே, சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் எல் ஆல்ட்டோ நகரம். மலைக்கிராமங்களையும் மூடப்பட்ட சுரங்கங்களையும் விட்டுக் குடியேறியவர்களால் நிறைந்தது அந்நகரம். அமெரிக்கச் சந்தைக்காக ஆடை, தோற்பொருள், நகை ஆகியவற்றைச் செய்த தொழிற்கூடங்கள் அங்கே இருந்தன. 2002இல் ஆடைக்கும் சலுகை விரிவடைந்த பின் வளர்ந்த அத்தொழில் நிலைகுலைந்தது. சப்பாரே பகுதியின் கோகா உழவனுக்கு இதனால் ஒரு காசும் நட்டமில்லை. அவன் இலையை அமெரிக்கச் சுங்கச்சாவடி வழியாக விற்பதில்லை. போதைப் பயிர் வேண்டாமென்று நகரத்துக்கு வந்து ஊசியும் நூலும் பிடித்தவர்களே தண்டனை பெற்றனர். சலுகைக் கொள்கை தன் நோக்கத்துக்கே எதிராகத் திரும்பிய தருணம் இது.

சலுகை நின்ற பின் பொலிவியாவில் கோகா பெருகவில்லை என்பதும் பதிவு செய்யத்தக்கது. 2010இல் 31,000 ஹெக்டேராக இருந்த பரப்பு 2014இல் 20,400 ஹெக்டேராகக் குறைந்தது. சப்பாரேயில் ஒரு குடும்பத்துக்கு ஒரு ‘காத்தோ’, அதாவது 1,600 சதுரமீட்டர், கோகா பயிரிட அனுமதி. அதற்கு மேற்பட்டதை உழவர் சங்கங்களே கண்காணித்து நீக்கின. எல்லை மீறுபவர் தம் பங்கை இழப்பார் என்னும் ஊர்க்கட்டுப்பாடு, தொலைநாட்டுச் சுங்கவரியைவிட நெருக்கமாக இருந்தது.

ஐரோப்பாவின் திட்டமும் இந்தியாவின் வழக்கும்

ஐரோப்பியச் சமூகமும் 1990இன் இறுதியிலேயே ஆண்டிஸ் நாடுகளுக்குப் போதைப்பொருள் ஒழிப்பின் பெயரால் தனிச் சலுகை அளிக்கத் தொடங்கியது. பின்னர் மத்திய அமெரிக்க நாடுகளும் சேர்க்கப்பட்டன. 2002 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஒழுங்குவிதியில் 12 நாடுகள் இடம்பெற்றன. அவற்றுள் 11 இலத்தீன் அமெரிக்க நாடுகள். பன்னிரண்டாவது பாகிஸ்தான்.

பாகிஸ்தானின் வடமேற்கு மலைப்பகுதிகளில் அபின் செடி பயிரிடப்பட்டு வந்தது உண்மைதான். ஆயினும் 1990களின் இறுதிக்குள் அப்பயிர் ஏறத்தாழ இல்லாத நிலைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தது. ஆப்கானிஸ்தானில் போர் மூண்ட 2001இன் இறுதியில் ஐரோப்பா பாகிஸ்தானுக்கு அளிக்க முன்வந்த உதவிகளில் இச்சலுகையும் ஒன்று என்பதை நோக்கினால், அபின் செடியைவிட அரசியலே இதில் எடை மிகுந்தது எனக் கருத இடமுண்டு. பயன் பெற்றவை கராச்சி, பைசலாபாத் நகரங்களின் துணி ஆலைகள். சலுகை நடைமுறைக்கு வந்த மறு ஆண்டான 2003இல் மலைப்பகுதிகளில் அபின் செடி மீண்டும் தலைதூக்கியது.

இதன் சுமை இந்தியாவின் மீது விழுந்தது. ஐரோப்பாவில் ஆயத்த ஆடைக்கு வழக்கமான வரி 12 சதவீதம். வளரும் நாடுகளுக்கான பொதுச் சலுகைப்படி இந்திய ஆடை 9.6 சதவீதம் செலுத்தியது. பாகிஸ்தானிய ஆடை ஒன்றும் செலுத்தவில்லை. ஆடைத் தொழிலில் இலாப விகிதம் குறைவு. இவ்வளவு வேறுபாடு ஒரு கொள்முதல் ஆணையை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குத் திருப்பிவிடப் போதுமானது. போதைப் பயிரை ஒழிக்கும் செலவை ஐரோப்பியக் கருவூலம் ஏற்றதைவிட, சலுகைப் பட்டியலில் இல்லாத ஏழை நாடுகளின் தொழிலாளர்களே மிகுதியாக ஏற்றனர் என்று சொல்லலாம்.

2002 மார்ச் 5ஆம் நாள் இந்தியா உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. அதன் அடிப்படையை அறிய 1968க்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு புதுடில்லியில் கூடிய ஐக்கிய நாடுகள் வர்த்தக வளர்ச்சி மாநாட்டின் இரண்டாம் கூட்டத்தில், வளரும் நாடுகளின் சரக்குகளுக்குப் பொதுவான, பதிற்சலுகை கேட்காத, பாகுபாடு காட்டாத சலுகை அளிக்க வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது. எல்லா உறுப்பு நாடுகளையும் ஒன்றுபோல் நடத்த வேண்டும் என்பது உலக வர்த்தகத்தின் அடிப்படை விதியாதலால், இதற்கு 1971இல் தற்காலிக விலக்கும் 1979இல் நிலையான இசைவும் அளிக்கப்பட்டன. வளரும் நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சலுகை தரலாம். அவற்றுக்குள்ளேயே சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுப்பது பாகுபாடு ஆகும் என்பது இந்தியாவின் நிலை. விசாரணைக் குழு 2003 டிசம்பரில் இந்தியாவின் வாதத்தை ஏற்றது.

ஐரோப்பா மேல்முறையீடு செய்தது. 2004 ஏப்ரல் 7ஆம் நாள் வெளியான மேல்முறையீட்டு அமைப்பின் தீர்ப்பிலும் இந்தியாவே வென்றது. ஆனால் காரணம் மாறியது. வளரும் நாடுகள் அனைத்தையும் ஒரே அளவில் நடத்த வேண்டும் என்பதில்லை. வேறுபட்ட தேவைகள் உள்ள நாடுகளுக்கு வேறுபட்ட சலுகை தரலாம். ஆனால் ஒரே நிலையில் உள்ள எல்லா நாடுகளுக்கும் அது கிடைக்க வேண்டும். ஐரோப்பாவின் பட்டியலோ பூட்டிய பட்டியல். எந்த அளவுகோலின்படி 12 நாடுகள் சேர்க்கப்பட்டன, பதின்மூன்றாவது நாடு எவ்வாறு சேரலாம் என்பதற்கு ஒழுங்குவிதியில் விடையில்லை. இக்காரணத்தால் அது விதிமீறல் என அறிவிக்கப்பட்டது.

தீர்ப்பில் மற்றொரு கருத்தும் உண்டு. அளிக்கப்படும் சலுகைக்கும் அது தணிக்க முற்படும் தேவைக்கும் இடையே போதிய தொடர்பு இருக்க வேண்டும் என அது கூறியது. சட்ட அறிஞர்கள் வகுத்த இந்த உரைகல், பொருளாதார மாணவனுக்கும் உரியதே. பொகோட்டா ரோஜாவுக்கும் புத்துமாயோ கோகாவுக்கும், பைசலாபாத் துணிக்கும் மலைச்சரிவின் அபினுக்கும் அத்தகைய தொடர்பு எங்கே என்ற வினாவை அது எழுப்புகிறது. ஐரோப்பா தன் திட்டத்தை 2005இல் மாற்றியமைத்தது. மனித உரிமை, தொழிலாளர் நலம், சுற்றுச்சூழல், போதைப்பொருள் கட்டுப்பாடு முதலியன பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளை ஏற்று நடப்பதும், பொருளாதார நலிவும் தகுதிகளாயின. பாகிஸ்தான் அத்தகுதியை உடனே பெறவில்லை. 2014 ஜனவரி முதலே புதிய திட்டத்தில் சேர்ந்தது.

வயலோடு பிணைந்த சலுகை

சுங்கவரிச் சலுகையின் இக்குறைகளைக் கண்டு, வர்த்தகச் சலுகை என்னும் கருவியே பயனற்றது என்று முடிவுகட்டுவது அவசரமாகும். அபின் செடியைப் பொறுத்தவரை வேறு வகையான சலுகை ஒன்று நெடுங்காலமாக இயங்கி வருகிறது. அது சுங்கவரியில் இல்லை. கொள்முதல் அளவில் இருக்கிறது.

துருக்கி நாட்டு அபின் கள்ளத்தனமாக ஹெராயினாக மாறித் தன் நாட்டுக்கு வருவதாக அமெரிக்கா முறையிட்டதால், 1971இல் துருக்கி அரசு அபின் செடிச் சாகுபடியை நிறுத்துவதாக அறிவித்தது. இழப்பீடாகச் சுமார் 3.5 கோடி டாலர் தர அமெரிக்கா முன்வந்தது. ஆனால் அனத்தோலிய உழவனுக்கு அச்செடி அபின் மட்டுமன்று. விதை உணவு, எண்ணெய் சமையலுக்கு, தண்டு எரிபொருள். எதிர்ப்பு வலுத்தது. 1974 ஜூலையில் பிரதமர் எசெவித்தின் அரசு தடையை நீக்கியது. அதே வேளையில் காயைக் கீறிப் பால் எடுக்கும் பழைய முறைக்கு இடமளிக்கவில்லை. கீறாத காயை உலர்ந்த சக்கையாக அரசே வாங்கி, ஆலையில் மார்பின் பிரித்தெடுக்கும் முறை புகுத்தப்பட்டது. காய்ந்த சக்கையிலிருந்து கள்ளத்தனமாக மார்பின் எடுப்பது எளிதன்று. கடத்தற்சந்தைக்கான கசிவு பெரும்பாலும் அடைபட்டது.

இவ்வாறு உற்பத்தியாகும் சரக்குக்குச் சந்தை வேண்டுமே. சட்டபூர்வமான அபின் உற்பத்தியில் பாரம்பரிய நாடுகளான இந்தியாவையும் துருக்கியையும் ஆதரிக்குமாறு ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக மன்றம் 1979இல் கேட்டுக்கொண்டது. அதையொட்டி 1981இல் அமெரிக்கா, தன் மருந்துத் தொழிலுக்குத் தேவையான அபின்வகை மூலப்பொருளில் குறைந்தது 80 சதவீதம் இவ்விரு நாடுகளிலிருந்தே வாங்கப்பட வேண்டும் என விதித்தது. எஞ்சிய 20 சதவீதமே ஆஸ்திரேலியா, பிரான்ஸ் முதலிய நாடுகளுக்கு விடப்பட்டது.

இந்தியாவில் இச்சலுகையின் மறுமுனை ஓர் உழவனின் பாத்தியில் முடிகிறது. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச், இராஜஸ்தானின் சித்தோர்கர், பிரதாப்கர், உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி போன்ற மாவட்டங்களில் மட்டும், மத்தியப் போதைப்பொருள் பணியகம் ஆண்டுதோறும் வழங்கும் உரிமத்தின் பேரில் பயிர் நடைபெறுகிறது. 2023-24 பருவத்துக்குச் சுமார் 1.12 இலட்சம் உழவர்கள் உரிமத்துக்குத் தகுதி பெற்றனர். நிலம் அளக்கப்படுகிறது. ஊருக்கொருவராக அமர்த்தப்படும் லம்பர்தார், கீறல் காலத்தில் நாள்தோறும் கிடைத்த அபினின் எடையைக் குறித்துவைக்கிறார். ஏப்ரல் மாதத்தில் அரசு நிறுவைக்களத்தில் முழுவதையும் ஒப்படைக்க வேண்டும். குறித்த சராசரி விளைச்சலைக் காட்டாதவர் அடுத்த ஆண்டு உரிமத்தை இழக்கக்கூடும். விளைச்சல் உயர உயரக் கிலோவுக்கான விலையும் உயரும். நீமச், காஜிப்பூர் ஆகிய இடங்களிலுள்ள அரசு ஆலைகள் சரக்கைப் பெறுகின்றன.

இம்முறையில் கசிவே இல்லை என்பதில்லை. கள்ளச்சந்தை விலை அரசு விலையைப் பலமடங்கு மிஞ்சும் வரை உழவனுக்குச் சபலம் இருக்கும். பிடிபடும் வழக்குகளே அதற்குச் சான்று. பிற்காலத்தில் இந்தியாவும் ஒரு பகுதி உழவர்களுக்குக் கீறாத காய் முறையில் உரிமம் வழங்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் தொலைநாட்டுச் சந்தையின் ஒதுக்கீடு, அரசுக் கொள்முதல், அளந்த நிலம், பெயர் எழுதிய உரிமம் என்னும் தொடரில் ஒரு கண்ணியும் அறுபடவில்லை. விதியை மீறுபவன் இழப்பது தன் சொந்த உரிமத்தை. வேறொரு நகரத்துத் தையற்காரியின் வேலையை அன்று.

பெருங்காயமும் கோதுமையும்

ஆப்கானிஸ்தானின் நிலை இவ்விரு வகைக்கும் உட்படாதது. மிகவும் பின்தங்கிய நாடு என்ற முறையில் 2001 முதல் ஐரோப்பா அதன் எல்லாச் சரக்குகளையும், ஆயுதம் நீங்கலாக, வரியின்றி ஏற்று வந்தது. இதைவிடப் பெரிய சுங்கச் சலுகை இருக்க முடியாது. ஆனால் 2002இல் 74,000 ஹெக்டேராக இருந்த அபின் செடிப் பரப்பு 2007இல் 1,93,000 ஹெக்டேராக வளர்ந்தது. ஹெல்மந்து உழவனுக்கு விதைப்புக்கு முன்பே வரவிருக்கும் அபினை ஈடாகக் கொண்டு கடன் கொடுப்பவர் அபின் வணிகர். மாதுளங்கன்று நட்டு அது காய்க்கும் வரை சில ஆண்டுகள் பொறுத்திருக்க அவனுக்குக் கடன் தருவார் எவருமில்லை.

இந்தியாவும் சலுகை அளித்த நாடுகளில் ஒன்று. 2003 மார்ச்சில் கையொப்பமான உடன்பாட்டின்படி உலர்பழம், மாதுளை உள்ளிட்ட 38 பொருள்களுக்கு வரி குறைக்கப்பட்டது. 2008க்குப் பின் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கான வரியற்ற திட்டத்திலும் ஆப்கானிஸ்தான் இடம்பெற்றது. சலுகை மட்டும் போதாது என்பதை இந்தியா உணர்ந்திருந்தது என்பதற்கு அது ஈரான் எல்லையை நோக்கி அமைத்துக் கொடுத்த, 2009இல் முடிவுற்ற, சுமார் 218 கிலோமீட்டர் நீளமுள்ள சரஞ்ச்-தெலாராம் சாலை சான்று. தரைவழி பாகிஸ்தானைச் சார்ந்திருந்தமையால் 2017 ஜூனில் காபூல்-டில்லி வான்வழிச் சரக்குப் பாதை திறக்கப்பட்டது. முதல் விமானத்தில் வந்த சுமார் 60 டன் சரக்கில் பெரும்பகுதி பெருங்காயம். சாம்பாருக்கும் இரசத்துக்கும் மணம் சேர்க்கும் அப்பிசின் வறண்ட மலைச்சரிவில் விளைவது; எடை குறைந்தது; கெடாது; விலை மிக்கது. அபினுக்குள்ள நல்ல குணங்கள் பலவும் அதற்கு உண்டு. ஆனால் வேர் முற்றிப் பால் தருவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அபின் செடியோ ஒரே பருவத்தில் கைம்மேல் காசு தருகிறது.

2022 ஏப்ரலில் தாலிபான் ஆட்சி அபின் செடிக்குத் தடை விதித்தது. அவ்வாண்டு 2,33,000 ஹெக்டேராக இருந்த பரப்பு மறு ஆண்டு 10,800 ஹெக்டேராகச் சுருங்கியது. அபின் விற்று உழவர்கள் ஈட்டிய வருமானம் சுமார் 136 கோடி டாலரிலிருந்து 11 கோடி டாலராக வீழ்ந்ததாக ஐக்கிய நாடுகள் அலுவலகம் மதிப்பிட்டது. கைவிடப்பட்ட வயல்களில் பெரும்பாலும் கோதுமை விதைக்கப்பட்டது. ஒரு ஹெக்டேர் அபின் சுமார் 10,000 டாலர் தரக்கூடிய நிலையில், அதே நிலத்தில் கோதுமை தரக்கூடியது சுமார் 770 டாலர். அந்தக் கோதுமை விளைவிப்பவரின் வீட்டிலேயே உணவாகிவிடுகிறது. சுங்கச்சாவடி வரை அது வருவதில்லை.